ஓடின சனத்தின் அலுமாரி

(ஐப்பசி மாதம் திருகோணமலை உப்புவெளியில் ஒரு சனசமூக நிலையத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

சபையோருக்கு வணக்கம். வீட்டில் சாமான் குறைப்பது பற்றிப் பேசச் சொல்லிக் கேட்டார்கள். வாசலில் நிற்கும்போதே ஒரு தங்கச்சி, "அக்கா, நல்லாப் பேசுங்கோ, ஆனா எங்கட வீட்டுப் பக்கம் மட்டும் வந்திடாதேங்கோ" என்றார். வரமாட்டேன், பயப்பட வேண்டாம்.

போனில் 'மினிமலிசம்' என்று தேடினால் வெள்ளைச் சுவர், ஒரு கதிரை, ஒரு பூச்சாடி வரும். அது நமக்குச் சரிவராது. கோணேசர் நகர்வலம் வரும் நாட்களில் மூதூரிலிருந்தும் தம்பலகாமத்திலிருந்தும் சொந்தக்காரர் வந்து தங்குகிற வீட்டை இரண்டு பாயோடு நடத்த முடியுமா? கிடாரம் வருசத்தில் ஓரிரு தரம்தான் அடுப்பேறும். ஆனாலும் அது வேண்டும். வீட்டை ஒழுங்குபடுத்தச் சொல்லிக்கொடுத்தே உலகமெல்லாம் பேர் எடுத்த ஜப்பானியப் பெண்மணி ஒருவர், மூன்று பிள்ளைகள் ஆனபின் தன் வீடும் முன்போல் இல்லை என்று 2023 இல் சொல்லிவிட்டார். அவர் மேல் எனக்கு மரியாதை வந்ததே அப்போதுதான்.

சரி, நாம் ஏன் இவ்வளவு சேர்க்கிறோம்? பேராசை என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். 1990 இல் போருக்குப் பயந்து உடுத்த உடுப்போடு ஓடின சனம் இந்தச் சபையில் இருக்கிறீர்கள். 2004 மார்கழி 26 காலையில் கடல் வந்து குசினியோடு கொண்டுபோனது. 2006 இல் சம்பூர்ப் பக்கத்திலிருந்து கிளம்பிய குடும்பங்கள் கிளிவெட்டி முகாமில் ஆண்டுக்கணக்காக இருந்தார்கள். முகாமில் ஒரு வெறும் மார்ஜரின் டப்பாவுக்கு இருந்த மதிப்பு அங்கே இருந்தவர்களுக்குத்தான் தெரியும். தண்ணி அள்ள, பருப்பு போட, பிள்ளைக்குச் சோறு வைக்க எல்லாவற்றுக்கும் அதுதான். அப்படி வாழ்ந்த ஒரு அம்மாவிடம் போய் "டப்பாவை எறியுங்கோ" என்றால் கை எப்படி வரும்?

ஆனால் என்னுடைய கட்சி இதுதான்: ஓட்டத்துக்குப் பயந்து நாம் சேர்த்ததில் பாதி, ஓடும்போது எடுக்கிற சாமானே இல்லை.

உங்கள் அலுமாரியை நினைத்துப் பாருங்கள். மேல்தட்டில் லண்டனிலிருந்து வந்த சூட்கேஸ், விமான நிலையத்தில் ஒட்டின துண்டு இன்னும் பிய்க்கப்படவில்லை. உள்ளே மூன்று குளிர்கால ஜக்கெட், திருகோணமலை வெயிலுக்கு! அடுத்த தட்டில் பெட்டி பிரிக்காத கோப்பை செட், விருந்தாளிக்கென்று வைத்தது. விருந்தாளி வந்தால் கழுவக் கஷ்டம் என்று அதையும் எடுக்கமாட்டோம். அதற்குக் கீழே கல்யாண அல்பம். கடல் காற்றுக்கும் ஈரத்துக்கும் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, உரித்தால் மாப்பிள்ளையின் முகம் பொம்பிளையின் படத்தில் வந்துவிடுகிறது. எல்லாவற்றுக்கும் அடியில், உடுப்புக்கடைப் பை ஒன்றுக்குள் காணி உறுதி. அதன் ஒரு மூலையைக் கறையான் ஏற்கனவே பார்த்துவிட்டது.

2020 இல் புரேவிப் புயல் நம் கரையில் ஏறிய இரவு நினைவிருக்கும். இடம் மாறச் சொல்லி அறிவித்தால் அந்தப் பையைத் தேடி எடுக்க எவ்வளவு நேரம் போகும்? சாமான் குறைப்பது இங்கே அழகுக்காக இல்லை. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், உறுதி, வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் பரீட்சைச் சான்றிதழ், கிளினிக் கொப்பி, இவை தண்ணி போகாத ஒரே பையில், இருட்டிலும் கை படுகிற இடத்தில் இருக்க வேண்டும். முதல் வேலை இதுதான். இதை முடிக்காமல் ஒரு டப்பாவையும் தொடாதீர்கள்.

அப்புறம் வளவுக்கு வாருங்கள். தேங்காய்ச் சிரட்டை, உடைந்த வாளி, யோகட் கோப்பை, பழைய டயர், "எப்பவாவது உதவும்" என்று வைத்த பெயின்ற் டின். 2017 இல் கிண்ணியாவில் டெங்கு பரவியதை நாம் பக்கத்தில் இருந்து பார்த்தோம். அந்த ஆண்டு நாடு முழுக்க ஒரு இலட்சத்து 80 ஆயிரம் பேருக்கு மேல் டெங்கு என்று பதிவானது. பலர் தண்ணியைக் கவிழ்த்துவிட்டால் சரி என்று நினைக்கிறார்கள். நுளம்பு முட்டையை இடுவது பாத்திரத்தின் உட்சுவரில், தண்ணி மட்டத்துக்குச் சற்று மேலே. தண்ணி வற்றினாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் காய்ந்தபடி கிடக்கும். மாரி மழை விழுந்து நனைந்ததும் பொரிக்கும். அதனால் வைத்திருக்கப் போகிற பாத்திரத்தைத் தும்பால் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். வேண்டாததை வளவில் வைத்திருக்கவே கூடாது. வளவு விசயத்தில் மட்டும் நான் கறார். பழைய இரும்புக்காரர் தெருவில் கூப்பிட்டுக்கொண்டு போகும்போது நிற்பாட்டுங்கள்.

வீட்டுக்குள் இருப்பதைக் கைவிட மனம் வராததற்கு இன்னொரு காரணமும் உண்டு. டேனியல் கானமன், ரிச்சர்ட் தேலர் என்று பின்னாளில் நோபல் பரிசு வாங்கிய இருவர், இன்னொருவரோடு சேர்ந்து 1990 இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். மாணவரில் பாதிப் பேருக்கு மட்டும் ஆளுக்கொரு கோப்பை கொடுத்தார்கள். கிடைத்தவர்கள் விற்கக் கேட்ட விலை, கிடைக்காதவர்கள் வாங்கச் சொன்ன விலையைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. கோப்பை ஒன்றுதான், கையில் இருப்பதாலேயே விலை ஏறிவிட்டது. எனவே "இது நல்ல சாமான்தானே?" என்று உங்களை நீங்களே கேட்காதீர்கள், பதில் எப்போதும் ஓம் என்றுதான் வரும். "இன்றைக்குக் கடையில் கண்டால் காசு கொடுத்து வாங்குவேனா?" என்று கேளுங்கள்.

குசினியில் தொடங்குவது சுகம். மூடி இல்லாத டப்பாவையும் டப்பா இல்லாத மூடியையும் பிரித்தாலே ஒரு உரப்பை நிறையும். திகதி முடிந்த மருந்தையும் அன்றைக்கே ஒதுக்குங்கள். படங்களையும் செத்தவர்களின் உடுப்பையும் கடைசிக்கு விடுங்கள். முதலில் அதைத் தொட்டால் அன்றைய பொழுது அழுகையோடு போய்விடும். அம்மம்மாவின் குத்துவிளக்கை யாராவது விற்கச் சொன்னால் அந்த ஆளை வீட்டை விட்டு அனுப்புங்கள், விளக்கை அனுப்பாதீர்கள். ஆனால் மூலையில் பாசி பிடிக்க விடாமல் புளி போட்டுத் தேய்த்து வெள்ளிக்கிழமையில் ஏற்றுங்கள்.

ஒருவர் கேட்டார், குறைத்தாலும் திரும்ப வந்து நிறைகிறதே என்று. எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். நம் வீடுகளில் பாதி பார்சலில் வருவது. கனடாவில் இருக்கிற தங்கச்சி பாசத்தில் அனுப்புகிறார், வேண்டாம் என்றால் கோபிப்பார் என்று வாங்கி அடுக்குகிறோம். அடுத்த முறை "என்ன போட?" என்று கேட்டால், "உடுப்பு காணும், அந்தக் காசை மகளின் ரியூசனுக்குப் போடன்" என்று சொல்லிப் பாருங்கள். ஒரு கிழமை முகம் நீட்டுவார். பிறகு அவரே எடுப்பார், மகளின் மார்க்ஸ் கேட்க.