கதவைச் சாத்திய கூட்டங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

உள்ளாட்சி மன்றமோ, பள்ளி நிர்வாகக் குழுவோ, கூட்டுறவுச் சங்கமோ, எதுவானாலும் சரி, அறிவிப்புப் பலகையில் ஒரு வரி பார்த்திருப்பீர்கள்: ‘விவாதித்து ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.’ யார் என்ன பேசினார்கள், யாராவது மறுத்தார்களா, வேறு வழி யோசித்தார்களா, ஒன்றும் தெரியாது. பணம் நம்முடையது, பள்ளிக்கூடத்தில் படிப்பவர்கள் நம் பிள்ளைகள். ஆனால் முடிந்துபோன முடிவு மட்டுமே நம் கைக்கு வருகிறது.

எல்லாவற்றையும் ஊரறியப் பேச வேண்டும் என்று சொல்ல வரவில்லை. ஓர் ஊழியர் மீதான புகார், நடந்துகொண்டிருக்கும் வழக்கு, நிலம் வாங்க எந்த விலை வரை போகலாம் என்ற கணக்கு, இவற்றை வெளியே பேசினால் யாருக்காவது அநியாயம் நடக்கும், இல்லையென்றால் பொதுப்பணம் வீணாகும். அப்போது கதவைச் சாத்துங்கள். ஆனால் ஏன் சாத்துகிறீர்கள் என்று, சாத்துவதற்கு முன்னால் சொல்லுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த கதை பிரிட்டனில் நடந்தது. அங்கே உள்ளாட்சி மன்றக் கூட்டங்களில் நிருபர்கள் உட்கார 1908-லேயே சட்டம் வந்துவிட்டது. மன்றங்கள் என்ன செய்தன தெரியுமா? உறுப்பினர்கள் அத்தனை பேரும் சேர்ந்து, ‘இப்போது நாங்கள் மன்றம் இல்லை, குழு’ என்று தீர்மானம் போட்டார்கள். அதே அறை, அதே நாற்காலி, அதே ஆட்கள். குழு என்றால் நிருபரை வெளியே அனுப்பிவிடலாம்! 1950-களின் கடைசியில் அச்சுத் தொழிலாளர் தகராறு ஒன்று வந்தபோது, சில மன்றங்கள் சில பத்திரிகைகளின் நிருபர்களை உள்ளேயே விடவில்லை.

அந்தச் சமயத்தில்தான், 1959-இல் முதன்முறையாக நாடாளுமன்றத்துக்குத் தேர்வான ஒரு பெண் உறுப்பினருக்குத் தனிநபர் மசோதா, அதாவது அரசின் சார்பில் இல்லாமல் ஓர் உறுப்பினர் தானே முன்வைக்கும் மசோதா, கொண்டுவரும் வாய்ப்பு குலுக்கலில் கிடைத்தது. 1960 பிப்ரவரி 5 அன்று, மன்றக் கூட்டங்களை மக்களுக்குத் திறந்துவிடும் மசோதாவை முன்வைத்து, குறிப்பு பார்க்காமல் 27 நிமிடம் பேசினார். அதுதான் அவருடைய கன்னிப் பேச்சு. அவர் மார்கரெட் தாட்சர். பின்னாளில் பிரதமராக அவர் செய்தவை பற்றி ஆளுக்கொரு கருத்து இருக்கும், அது வேறு பேச்சு. அந்த மசோதா சட்டமானது. முழு மன்றமே குழுவாக மாறினாலும் மக்கள் உட்காரலாம். வெளியேற்ற வேண்டுமென்றால் காரணத்தைச் சொல்லித் தீர்மானம் போட வேண்டும்.

அப்புறம்? சின்னக் குழுக்கள் மூடியே இருந்தன. அவற்றைத் திறக்க 1972-இல் இன்னொரு சட்டம் வர வேண்டியிருந்தது. துணைக்குழுக்களுக்கு 1985 வரை காத்திருந்தார்கள். கவனியுங்கள், ஓர் அறையைத் திறந்தால் பேச்சு அடுத்த அறைக்குப் போய்விடுகிறது. அதனால்தான் கூட்டம் திறந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது, முடிவு எங்கே எடுக்கப்படுகிறது என்று பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1953-இல் வந்த பிரவுன் சட்டம், உள்ளாட்சி அமைப்புகளின் கூட்டங்கள் திறந்தே நடக்க வேண்டும் என்று சொல்லும் சட்டம், இதைப் புரிந்துகொண்டது. இன்று அதன்படி, ஓர் உறுப்பினர் இன்னொருவருக்குப் போன் செய்து, அவர் அடுத்தவருக்குச் செய்து, அப்படியே பெரும்பான்மை பேர் ஒரு விஷயத்தைப் பேசி முடித்தால் அதுவும் சட்டவிரோதக் கூட்டம்தான்.

நேரம் முடியப்போகிறது என்று சைகை காட்டுகிறார்கள். பொருள் நிரலை, அதாவது கூட்டத்தில் என்னென்ன பேசப்போகிறார்கள் என்ற பட்டியலைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். நிரலின் கடைசியில் ‘தலைவர் அனுமதியுடன் இதர பொருள்கள்’ என்று ஒரு வரி இருக்கும். யாருக்கும் முன்கூட்டித் தெரியாத விஷயங்கள் அந்த வரி வழியாகத்தான் நுழையும். பிரவுன் சட்டப்படி, வழக்கமான கூட்டத்தின் நிரலை 72 மணி நேரத்துக்கு முன்பே ஒட்ட வேண்டும். அதில் இல்லாததை, அவசரமான சில நிலைமைகள் தவிர, முடிவுக்கு எடுக்க முடியாது. உங்கள் பகுதியில் அடுத்த கூட்டம் நடந்ததும் கூட்டக் குறிப்பைக் கேட்டு வாங்கி, அந்த ‘இதர பொருள்கள்’ பகுதியை முதலில் படியுங்கள். நன்றி, வணக்கம்.