தலையாட்டினால் புரிந்தது என்று அர்த்தமா?

நேயர்களுக்கு வணக்கம்.

தொழிற்சாலைகளில் பாதுகாப்புப் பயிற்சி கொடுப்பது என் வேலை. என் வகுப்பில் உட்காருபவர்களில் பெரும்பாலோர் பிழைப்புக்காக ஊர் விட்டு வந்தவர்கள். அவர்களைப் பற்றி எந்த சூப்பர்வைசரைக் கேட்டாலும் ஒரே குறைதான்: "எல்லாத்துக்கும் தலையாட்டுறாங்க சார், செய்யறது வேறயா இருக்கு."

உலோகத் தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கும் ஒரு பழைய பிரஸ் மெஷின். இரண்டு பொத்தான்களை இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் அச்சு இறங்கும். கை நசுங்காமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. புதிதாக வந்த இளைஞர் ஒருவர், ஒரு பொத்தானை டேப் ஒட்டி அழுத்தியபடியே வைத்துவிட்டு, ஒற்றைக் கையால் ஓட்டிக்கொண்டிருந்தார். பார்த்ததும் எனக்கு உடம்பு நடுங்கிவிட்டது. முந்தின நாள் அவருக்குப் பாடம் நடத்தியதே நான்தான்.

அவர் மொழி தெரிந்த ஒருவரை அழைத்து விசாரித்தோம். நான் சொன்னதில் பாதி அவருக்குப் புரியவில்லை. புரியவில்லை என்று சொன்னால் வேலை போய்விடுமோ என்று பயம். ஏஜெண்டுக்குக் கொடுக்கக் கடன் வாங்கியிருக்கிறார். செய்து முடிக்கும் எண்ணிக்கை குறைந்தால் ஓவர்டைம் கிடைக்காது, வட்டி கட்ட முடியாது. அந்த டேப்பை ஒட்ட வைத்தது அந்தக் கடன்தான் என்பேன். வேலை வாங்கித் தருவதற்குத் தொழிலாளியிடம் கட்டணம் பிடிக்கக் கூடாது என்பதைப் பொது விதியாகவே வைத்து, சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1997இல் ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது. அது எல்லா இடத்திலும் நடந்திருந்தால் அவர் தோளில் இந்தச் சுமை ஏறியிருக்காது.

திறமை இல்லை, நிலையாக நிற்பதில்லை என்ற பேச்சும் புதிதல்ல. 1913இல் அமெரிக்காவின் ஃபோர்டு கார் ஆலையில் ஆள் மாற்றம் ஆண்டுக்கு 370 சதவீதம்; அதாவது நூறு பேர் வேலை பார்க்கும் இடத்தில், விட்டுப் போனவர்களுக்குப் பதிலாக ஒரே வருடத்தில் 370 பேரை எடுக்க வேண்டியிருந்தது. அங்கே பெரும்பாலானவர்கள் வெளிநாட்டிலிருந்து குடியேறியவர்கள். 1914 ஜனவரியில் எட்டு மணி நேர ஷிப்ட், தகுதி பெற்றவர்களுக்கு நாளுக்கு ஐந்து டாலர் என்று அறிவித்தார்கள். ஆள் மாற்றம் மளமளவென்று குறைந்தது, உற்பத்தியும் கூடியது. அந்தத் தகுதியைப் பார்க்கிறோம் என்று தொழிலாளிகளின் வீட்டுக்குள் புகுந்து விசாரித்தார்களே, அதை என்னால் ஏற்க முடியாது. ஆனால் பெரும்பாலும் அதே ஆட்கள், அதே லைன்; மாறியது சம்பளமும் வேலை நேரமும்தான் என்பதை மறக்கக் கூடாது.

அந்த இளைஞரிடம் திரும்பி வருகிறேன். அன்றிலிருந்து நான் "புரிந்ததா?" என்று யாரையும் கேட்பதில்லை. "செய்து காட்டுங்கள்" என்கிறேன். அவரும் செய்து காட்டினார். முதல் தடவை தப்பு. இரண்டாவது தடவையும் கை தவறான இடத்துக்குப் போனது. லைன் நிற்கிறதே என்று சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றாவது தடவை சரியாகச் செய்துவிட்டு, பொத்தானிலிருந்த டேப்பை அவரே உரித்து எடுத்து என் கையில் கொடுத்தார்.

நன்றி, வணக்கம்.