வாசம்பண்ண இடம் தேடும் தேவன்

அவைத்தலைவர் அவர்களே, சபையின் மூப்பர்களே, அன்பான சகோதர சகோதரிகளே,

எபிரெயம், அரமேயம், கிரேக்கம் ஆகிய மொழிகளில், பல நூற்றாண்டுகளாகப் பலர் எழுதிய நூல்களை ஒரே அட்டைக்குள் கட்டி, அதற்கு ‘வேதம்’ என்று ஒருமையில் பெயர் சொல்லுகிறோம். நம் கையிலிருப்பது 66 நூல்கள். கத்தோலிக்கச் சகோதரர்கள் 73 நூல்களை வாசிக்கிறார்கள். இந்த ஒருமையை ஆதிச் சபை போராடிக் காத்தது. இரண்டாம் நூற்றாண்டில் மார்சியோன் என்பவர், பழைய ஏற்பாட்டின் தேவன் வேறு, இயேசுவின் பிதா வேறு என்று போதித்து, லூக்கா சுவிசேஷத்தையும் பவுலின் பத்து நிருபங்களையும் தம் கருத்துக்கேற்பச் சுருக்கி வைத்துக்கொண்டு, மற்றவற்றைத் தள்ளினார். சபையோ அவரைத்தான் தள்ளியது, நூல்களைத் தள்ளவில்லை.

அதே நூற்றாண்டின் பிற்பகுதியில், லியோன் நகரின் பேராயராக இருந்த இரேனேயு ஓர் அருமையான உவமை சொன்னார். தேர்ந்த கலைஞன் ஒருவன் விலையேறப்பெற்ற கற்களைப் பதித்து ஓர் அரசனின் உருவத்தைச் செய்து வைத்திருக்கிறான்; வேறொருவன் வந்து அதே கற்களைப் பெயர்த்து, இடம் மாற்றி அடுக்கி, ஒரு நரியின் உருவமாக்கி, ‘இதுவே அந்த அரசன்’ என்கிறான். கற்கள் அனைத்தும் உண்மையானவை, ஆனால் உருவம் பொய். தனி வசனங்களை மனப்பாடமாக அறிந்தவர்களாகிய நாமே இந்த உவமையை முதலில் கேட்கவேண்டியவர்கள் என்று நினைக்கிறேன்.

அப்படியானால் அரசனின் உருவம் எது? உடன்படிக்கை என்பர் சிலர், தேவனுடைய ராஜ்யம் என்பர் சிலர், இரண்டும் சரியே. நம் சபைகளில் பெரும்பாலும் கேட்கிற விடை, பாவத்தில் விழுந்த மனிதன் இரட்சிக்கப்பட்டுப் பரலோகம் போகும் கதை என்பதாகும். இதில் மீட்பைப் பற்றிய பகுதியை நான் முழு மனதோடு அறிக்கையிடுகிறேன். ஆனால் பயணத்தின் திசையை வேதத்தின் கடைசிக் காட்சியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வெளிப்படுத்தின விசேஷம் 21ஆம் அதிகாரத்தில் மனிதர் மேலே ஏறிப்போகவில்லை. நகரம் கீழே இறங்கி வருகிறது. ‘மனுஷரிடத்திலே தேவனுடைய வாசஸ்தலமிருக்கிறது’ என்று ஒரு சத்தம் உண்டாகிறது. வேதத்தின் கதை, மனிதர் நடுவே வாசம்பண்ண இடம் தேடி வரும் தேவனின் கதை என்பதே இன்று நான் உங்கள் முன் வைக்க விரும்பும் செய்தி.

ஆதியாகமத்தில், பகலின் குளிர்ச்சியான வேளையில் தேவன் தோட்டத்தில் உலாவுகிறார். ‘உலாவுதல்’ என்ற அந்தச் சொல்லை மனதில் வையுங்கள். மனிதன் மறைகிறான், ‘நீ எங்கே இருக்கிறாய்’ என்று தேவன் அழைக்கிறார். பிறகு மனிதன் துரத்தப்படுகிறான். ஏதேனின் கிழக்கே கேருபீன்கள் என்னும் பரலோக ஜீவன்கள் காவல் நிற்கின்றன. இழந்தது பழமரங்கள் நிறைந்த தோட்டம் மட்டுமானால், மனிதன் வேறொரு தோட்டம் நட்டிருக்கலாம். இழந்தது உடன் உலாவினவரை.

இப்போது யாத்திராகமத்துக்கு வாருங்கள். அடிமைத்தனத்திலிருந்து விடுதலை, செங்கடல், சீனாய் மலை என்று கதை விரைந்து ஓடி, திடீரென்று பலகைகள், கொளுவிகள், திரைகள் என்று நின்றுவிடுவதாக வாசகர்கள் குறைப்படுவதுண்டு. படைப்புக்கு இரண்டு அதிகாரங்களே தந்த வேதம், வனாந்தரப் பயணத்தில் ஜனம் சுமந்து சென்ற ஆராதனைக் கூடாரமாகிய ஆசரிப்புக் கூடாரத்துக்குப் பதின்மூன்று அதிகாரங்களைத் தருகிறது. ‘அவர்கள் நடுவிலே நான் வாசம்பண்ண’ என்பதே அந்தக் கட்டளைக்குக் காரணம். கூடாரத்தின் வாசல் கிழக்கு நோக்கியது. அதன் உள்ளறையாகிய மகா பரிசுத்த ஸ்தலத்தின் திரையில் கேருபீன்கள் நெய்யப்பட்டிருந்தன. குத்துவிளக்கு வாதுமைப் பூக்களோடு ஒரு மரம்போலக் கிளைத்து நின்றது. வனாந்தரத்தின் நடுவே, துணியாலும் பொன்னாலும் ஏதேன் மீண்டும் வரையப்படுகிறது.

ஆனால் கூடாரத்தின் திட்டம் கொடுக்கப்பட்டதற்கும் அது கட்டப்பட்டதற்கும் இடையில், ஜனங்கள் வணங்கும்படி செய்துகொண்ட பொன் கன்றுக்குட்டி நிற்கிறது. அதற்குப்பின் வரும் 33ஆம் அதிகாரம் முழு வேதத்துக்கும் நடுநரம்பு என்று நான் எண்ணுகிறேன். தேவன் மோசேயிடம், வாக்குத்தத்தம் பண்ணிய தேசத்துக்குப் போங்கள், எதிரிகளைத் துரத்த ஒரு தூதனை அனுப்புகிறேன், பாலும் தேனும் ஓடும் நிலம் உங்களுடையது, ஆனால் நான் உங்கள் நடுவே வரமாட்டேன் என்கிறார். கேட்டதெல்லாம் கிடைக்கிறது, கொடுத்தவர் மட்டும் இல்லை. பல நூற்றாண்டு அடிமைத்தனத்திலிருந்து வந்த ஒரு ஜனத்துக்கு இது எளிதில் மறுக்கக்கூடிய வரமா? மோசே மறுக்கிறான். உம்முடைய சமுகம் எங்களோடுகூட வராவிட்டால் எங்களை இவ்விடத்திலிருந்து கொண்டுபோகவேண்டாம் என்று வனாந்தரத்திலேயே நின்றுவிடத் துணிகிறான். தேவன் இல்லாத கானானைவிடத் தேவன் இருக்கும் பாலைவனம் மேல் என்ற அந்த விண்ணப்பத்தை வாசிக்கும்போதெல்லாம், என் சொந்த ஜெபங்களில் நான் கேட்டவற்றின் பட்டியல் எனக்குக் கனமாகத் தோன்றுகிறது.

கூடாரம் முடிந்தபோது மேகம் அதை மூட, தேவனுடைய மகிமை அதை நிரப்புகிறது. மோசேகூட உள்ளே நுழையக்கூடாமற்போகிறது. லேவியராகமத்தின் முதல் வசனத்தில் தேவன் கூடாரத்திலிருந்து பேசுகிறார். எண்ணாகமத்தின் முதல் வசனத்தில் கூடாரத்தில் மோசேயோடு பேசுகிறார். வெளியே நின்றவன் எப்படி உள்ளே வந்தான்? இடையிலுள்ள லேவியராகமமே பதில்: பலிகள், ஆசாரியர், நடுவிலே பாவநிவாரண நாள். நாம் தாண்டிப்போகும் அந்த நூலின் 26ஆம் அதிகாரத்தில், ‘நான் உங்கள் நடுவிலே உலாவி’ என்று தோட்டத்தின் சொல் திரும்ப வருகிறது.

சாலொமோனின் ஆலயத்தை விரைவாகக் கடப்போம். அதன் மகா பரிசுத்த ஸ்தலம் நீளமும் அகலமும் உயரமும் இருபது முழமான கனசதுரம் என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள்.

பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போன தீர்க்கதரிசி எசேக்கியேல் கண்டது துயரமான காட்சி. மகிமை ஆலயத்தை விட்டு ஒரேயடியாகப் போகவில்லை. வாசற்படியில் நிற்கிறது, கிழக்கு வாசலில் நிற்கிறது, நகரத்துக்குக் கிழக்கேயுள்ள மலையின்மேல் நிற்கிறது. பிரிய மனமில்லாத ஒருவர் திரும்பித் திரும்பிப் பார்த்துப் போவதுபோல் அது இருக்கிறது. பாபிலோனியர் அந்த ஆலயத்தைச் சுட்டெரித்தது கி.மு. 586 அளவில். ஆயினும் அதே தீர்க்கதரிசி, அதற்கு முன்பே, சிறைப்பட்டோர் நடுவில், கேபார் நதியண்டையில் அந்த மகிமையைக் கண்டிருந்தான். நாடு கடத்தப்பட்ட ஜனத்தின் பின்னே தேவனும் அந்நிய தேசத்துக்குப் போயிருந்தார்.

ஜனங்கள் திரும்பி வந்து இரண்டாம் ஆலயத்தைக் கட்டினார்கள். அஸ்திபாரம் போட்டபோது முந்தின ஆலயத்தைக் கண்டிருந்த முதியவர்கள் அழுதார்கள். மேகம் இறங்கி அதை நிரப்பியதாக எந்த நூலும் சொல்லவில்லை. நீங்கள் தேடுகிற ஆண்டவர் தம்முடைய ஆலயத்துக்கு வருவார் என்ற மல்கியாவின் வாக்கோடு நம் பழைய ஏற்பாடு காத்திருக்கிறது. யூத மக்கள் இதே நூல்களை வேறு வரிசையில், வேறு எதிர்பார்ப்போடு இன்றும் வாசிக்கிறார்கள் என்பதை மரியாதையோடு நினைக்கிறேன். நான் பேசுவது கிறிஸ்தவ வாசிப்பை.

‘அந்த வார்த்தை மாம்சமாகி... நமக்குள்ளே வாசம்பண்ணினார்’ என்கிறார் யோவான். கிரேக்கத்தில் அந்த வினைச்சொல், கூடாரமிட்டார் என்றே பொருள்படும். சீனாயில் கேட்ட ‘வாசம்பண்ண’ என்ற அதே சொல்லை நம் பழைய திருப்புதல் இங்கேயும் வைத்திருப்பது தமிழ் வாசகருக்குக் கிடைத்த பெரிய உதவி. இயேசு தம் சரீரத்தையே ஆலயம் என்றார். அவர் மரித்தபோது, தேவாலயத்தின் திரை மேலிருந்து கீழாகக் கிழிந்தது. பரிசுத்த ஆவி இறங்கிய பெந்தெகொஸ்தே நாளில் அக்கினி இறங்கியது கட்டிடத்தின்மேல் அல்ல, ஆட்கள்மேல். கட்சி கட்டிச் சண்டையிட்ட கொரிந்துச் சபையைப் பார்த்து, நீங்கள் தேவனுடைய ஆலயம் என்று பவுல் பன்மையில் எழுதினார்.

எல்லா நூல்களையும் இந்தச் சரட்டில் கோத்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. எஸ்தரின் எபிரெய மூலத்தில் தேவனுடைய பெயரே இல்லை. 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. யோபு தேவன் இருக்கும் இடம் தெரியாமல் கதறுகிறான். ஆனால் அவர் உடனிருக்கவேண்டும் என்று ஏங்காதவன், அவர் மறைந்ததற்காக அழுவானா? அந்தக் கதறலும் இந்தக் கதைக்குள்ளேயே ஒலிக்கிறது.

இனி, வெளிப்படுத்தின விசேஷத்தில் கீழே இறங்கி வரும் அந்த நகரம். அதன் நீளமும் அகலமும் உயரமும் சமம். ஒவ்வொன்றும், ஸ்தாதி என்னும் பழைய கிரேக்க நீள அளவில், பன்னீராயிரம். இருபது முழ அறையாக இருந்த மகா பரிசுத்த ஸ்தலம் ஒரு நகரமாக விரிந்துவிட்டது. அதில் ஆலயம் தனியாக இல்லை, வாசல்கள் அடைக்கப்படுவதில்லை, ஜீவவிருட்சம் அங்கே நிற்கிறது, அதன் இலைகள் ஜாதிகள் ஆரோக்கியமடைவதற்கானவை. தேவன் பழைய தோட்டத்தை அப்படியே திருப்பித் தராமல், காயீன் முதன்முதலாகக் கட்டத் தொடங்கிய நகரம் என்பதையே எடுத்துக்கொண்டு, அதற்குள் ஏதேனின் மரத்தை நட்டிருக்கிறார். பிரதான ஆசாரியன் ‘கர்த்தருக்குப் பரிசுத்தம்’ என்று வெட்டப்பட்ட பொற்தகட்டைத் தன் நெற்றியில் அணிவான். திரைக்கு உள்ளே போக அவன் ஒருவனுக்கு மட்டும், ஆண்டுக்கு ஒரு நாள் மட்டும் அனுமதி இருந்தது. இந்த நகரத்தில் அவருடைய ஊழியக்காரர் எல்லாரும் அவர் முகத்தைக் காண்கிறார்கள். ஒவ்வொருவருடைய நெற்றியிலும் அவர் நாமம் இருக்கிறது.