கரம்பைக்குள் இரும்பு

நேயர்களுக்கு வணக்கம்.

கோடையில் கண்மாய் வற்றியதும் வண்டலை வெட்டிச் செவல் நிலத்தில் கொட்டுவது மதுரை வட்டாரத்து உழவர்களின் நெடுநாள் வழக்கம். மண்வெட்டி ஆழத்தில் நீலச் சாம்பலாக இருக்கும் அந்தக் கரம்பை, வெயிலில் கிடந்தால் பழுப்பாகிறது. இது வெறும் உலர்தல் அன்று. நீர் தேங்கிக் காற்று அற்றுப்போன சேற்றில், நுண்ணுயிரிகள் களிமண் ஏடுகளுக்குள் இருக்கும் ஃபெரிக் இரும்பையும் (ஆக்சிஜனேறிய இரும்பு) ஃபெரஸ் நிலைக்கு (ஆக்சிஜனேறாத நிலை) மாற்றிவிடுகின்றன. காற்றுப் பட்டதும் அது பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்புகிறது.

இதே இரும்பு பாறைத் துகளில் செய்யும் வேலையை நுண்ணோக்கியில் பார்க்கலாம். கரம்பையை ஈரம் போக்கிப் பிசினில் இறுக வைத்து, 0.03 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்க்க வேண்டும். தண்ணீர் பட்டால் களி ஊதும் என்பதால் எண்ணெய் விட்டே தேய்ப்போம். அவசரப்பட்டால், நாம் பார்க்க வேண்டிய துகள் விளிம்புதான் முதலில் உதிரும்.

நம் பகுதியின் நைஸ் (gneiss) எனும் வரிவரியான உருமாறிய பாறைகளிலிருந்து அரித்து வரும் கருநிறக் காக்காப்பொன்னைப் பாடநூல்கள் பயோடைட் என்கின்றன. எனக்கென்னவோ ஊர்ப் பெயரே பிடிக்கும். முனைவுற்ற ஒளியில், அதாவது ஒரே தளத்தில் அதிரும் ஒளியில், நுண்ணோக்கியின் மேடையைச் சுழற்றினால், சிதையாத துகள் வைக்கோல் நிறத்துக்கும் அடர்பழுப்புக்கும் மாறி மாறித் தோன்றும். சிதைந்த துகளில் அந்த மாற்றம் மங்கியிருக்கும். நனைந்து காய்ந்த பழைய ஏட்டுக்கட்டின் ஓரம்போல அடுக்குகள் விரிந்து, இடுக்குகளில் துரு படிந்திருக்கும்.

அடுக்குகளைப் பிணைத்திருப்பது பொட்டாசியம். அதைப் பிடித்து வைத்திருப்பது அடுக்கின் எதிர்மின்னூட்டம். ஃபெரஸ் இரும்பு ஒரு மின்துகளை (எலக்ட்ரானை) இழந்து ஃபெரிக் ஆகும்போது அந்த மின்னூட்டம் குறைகிறது. பிடி தளரும் பொட்டாசியம் மண்நீரில் சேர்ந்து பயிருக்குக் கிடைக்கிறது. அதன் இடத்தில் நீரைச் சுமந்த மக்னீசியமும் கால்சியமும் நுழைய, அடுக்கிடைத் தொலைவு ஏறத்தாழ 1.0 நானோமீட்டரிலிருந்து 1.4 ஆகிறது. இப்போது அந்தக் கனிமம் வெர்மிகுலைட். இந்த விரிவு நுண்ணோக்கிக்கு எட்டாது, எக்ஸ் கதிர்தான் சொல்லும்.

வெட்டிய கரம்பையை உடனே உழுது மூடாமல், கட்டி உடைத்துச் சில வாரம் ஆறப்போடும் பெரியவர்களின் பழக்கத்தை ஆகவே நான் மிக மதிக்கிறேன்.

வாய்ப்புக் கிடைத்தால், நீர் நிற்கும் வயலில் ஒரு நெற்பயிரைப் பிடுங்கி வேரை மெல்லக் கழுவிப் பாருங்கள். சுற்றிலும் சேறு சாம்பலாக இருக்க, வேரின்மேல் மட்டும் செம்பழுப்பு உறை படிந்திருக்கும். தண்டு வழியே வேருக்கு இறங்கிக் கசிந்த காற்றில் ஆக்சிஜனேறிய இரும்பு அது.