நீனாவின் அப்பாவை இன்னும் மன்னிக்கவில்லை (கடிகாரமும் வந்துவிட்டது)

வணக்கம் மக்களே. மின்விசிறியை அணைத்துவிட்டேன். போன வீடியோவில் பாதிப் பேச்சை விசிறி விழுங்கிவிட்டது என்று திட்டினீர்கள் அல்லவா, அதனால் இன்றைக்கு வேர்த்து ஊற்றினாலும் பரவாயில்லை. சுக்குக் காப்பி இதோ. பக்கத்து வீட்டுக் கோழி இன்னும் ஆரம்பிக்கவில்லை. ஆரம்பிக்கும்.

முதலில் இதைப் பாருங்கள். கேமராவுக்குக் கிட்டே காட்டுகிறேன். வந்துவிட்டது! ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட் என்ற ஜப்பானிய அனிமே தொடரில் வரும் கடிகாரம். அதில் அரசாங்க வேலையில் இருக்கும் அரசு ரசவாதிகள் பதவி அடையாளமாகப் பைக்குள் சங்கிலி போட்டு வைத்திருப்பார்களே, அதே வெள்ளிக் கடிகாரம். வெள்ளி இல்லை, தகரத்துக்கு வெள்ளிப் பூச்சு. 749 ரூபாய், அனுப்புகிற செலவு 60 ரூபாய் தனி. அக்டோபர் 3ஆம் தேதி வீடியோ போட வேண்டும் என்று செப்டம்பர் 20ஆம் தேதியே ஆர்டர் போட்டேன். கதை நாயகன் எட்வர்ட் எல்ரிக்கும் தம்பி அல்ஃபோன்ஸும் சொந்த வீட்டைக் கொளுத்திவிட்டு ஊரை விட்டுக் கிளம்பிய நாள் அது. திரும்பிப் போக ஒரு வீடு இருந்தால் மனசு மாறிவிடும் என்று அவர்களே வைத்த தீ. அந்தத் தேதியை எட்வர்ட் தன் கடிகாரத்து மூடியின் உட்பக்கம் கீறி வைத்திருப்பான். எனக்குக் கடிகாரம் எப்போது வந்தது? 9ஆம் தேதி. வந்ததும் முள் ஓடவில்லை. நாலு இருபதிலேயே நிற்கிறது. ஆட்டினேன், தட்டினேன், வெயிலில் வைத்தேன். வெயிலில் ஏன் வைத்தேன் என்று எனக்கே தெரியாது. விற்றவருக்கு மூன்று முறை எழுதினேன், மூன்று முறையும் ஒரே பதில், 'உங்கள் பொறுமைக்கு நன்றி'. எனக்கு எங்கே ஐயா பொறுமை இருந்தது?

கடைசியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பெட்டி போட்டு உட்கார்ந்திருக்கும் வாட்ச் ரிப்பேர் அண்ணனிடம் கொண்டு போனேன். கண்ணில் லென்ஸை மாட்டினார், பின்மூடியைக் கழற்றினார், இடுக்கியால் ஒரு துணுக்கு பிளாஸ்டிக் தாளை இழுத்துப் போட்டார். பேட்டரி மேல் ஒட்டிக் கொடுக்கிற தாளாம். அதை எடுத்தால்தான் ஓடுமாம். அவ்வளவுதான். 20 ரூபாய். பன்னிரண்டு நாள் பட்ட பாட்டுக்கு 20 ரூபாய்! மூடியில் அரசுச் சின்னமாக இருக்கிற அந்த மிருகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது என்ன தம்பி, புதுக் கட்சிச் சின்னமா?" என்றார். ஒரு விதத்தில் ஆமாம் அண்ணே என்று சொல்லிவிட்டு வந்தேன். உள்மூடியில் எதுவும் பொறிக்காமல் மொட்டையாக அனுப்பியிருந்தார்கள். ஜியோமெட்ரி பாக்ஸ் காம்பஸ் முனையால் நானே கீறினேன். 'மறவாதே, அக்டோபர் 3'. 'மறவாதே'யில் 'ற' கொஞ்சம் 'ந' மாதிரி விழுந்துவிட்டது. கண்டுகொள்ளாதீர்கள்.

சரி, இதை ஏன் இவ்வளவு நேரம் இழுக்கிறேன்? இன்றைக்குப் பேசப்போவது இந்தக் கடிகாரத்துக்காக ஒருவன், அதாவது தலைப்பில் சொன்ன நீனாவின் அப்பா ஷோ டக்கர், செய்த வேலையைப் பற்றி.

அக்கா பையனை உங்களுக்குத் தெரியும். தியேட்டர் வீடியோவில் பாப்கார்னைக் கொட்டினானே, அவன்தான். கல்லூரி முதல் வருடம். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு நோட்டை நீட்டினான். அனிமேயில் கொடூரமான பத்துப் பேர். முதலிடம் ஃப்ரீஸா, கிரகத்தையே வெடிக்க வைத்தவன். அடுத்து அட்டாக் ஆன் டைட்டன் எரன், உலகத்தில் எண்பது சதவீதம் பேரை மிதித்தே கொன்றவன். மூன்றாவது டீமன் ஸ்லேயரில் அரக்கர்களின் தலைவன் முஸான். செத்தவர்கள் எத்தனை என்று எண்ணி, இறங்குவரிசையில் எழுதியிருக்கிறான். கிரிக்கெட் ஸ்கோர் போடுகிற மாதிரி. ஷோ டக்கர் எங்கேடா என்றேன். "அந்தத் துண்டு வீடியோவ பாத்தேன் மாமா. ஒரே ஒரு பொண்ணு, ஒரு நாய், அவ்வளவுதானே?" என்றான்.

அவ்வளவுதானே! அன்றைக்கு மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்த வீடியோவே அந்த 'அவ்வளவுதானே'வுக்கான பதில்.

ஐயோ, இருங்கள், இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஃபுல்மெட்டல், மேட் இன் அபிஸ், பெர்செர்க், டெத் நோட், அட்டாக் ஆன் டைட்டன், டீமன் ஸ்லேயர் படம், எல்லாவற்றிலும் முக்கியமான திருப்பங்களைச் சொல்லி உடைக்கப்போகிறேன். பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். எரனைத்தான் ஏற்கெனவே உடைத்துவிட்டேன், மன்னித்துவிடுங்கள்.

டக்கரின் பட்டப்பெயர் 'உயிர்களைத் தைக்கும் ரசவாதி'. இரண்டு மிருகங்களை ஒன்றாக இணைத்துக் கைமேரா செய்வது அவன் தொழில். இரண்டு வருடத்துக்கு முன்பு மனிதப் பேச்சு பேசும் கைமேராவைக் காட்டித்தான் அரசு ரசவாதி ஆனான். அது சொன்னது ஒரே ஒரு விஷயம், சாக வேண்டும் என்று. அப்புறம் சாப்பிட மறுத்துச் செத்துப்போனது. இப்போது பெரிய வீடு, பெரிய நூலகம், அரசாங்க ஆராய்ச்சிப் பணம், சின்ன மகள் நீனா, அலெக்ஸாண்டர் என்ற வெள்ளைச் சடை நாய். மனைவி அவனை விட்டுப் போய்விட்டாள் என்று சொல்லிக்கொள்கிறான். அந்த நூலகத்தில் படிக்கத்தான் எல்ரிக் சகோதரர்கள் வருகிறார்கள். படிக்க வந்தவர்கள் நீனாவோடும் நாயோடும் தோட்டத்தில் உருண்டுகொண்டிருப்பார்கள். அப்பா எப்போதும் ஆராய்ச்சி அறையிலேயே கிடப்பதால் அவளுக்கு விளையாட ஆள் கிடைத்த சந்தோஷம்.

இங்கேதான் கடிகாரம் வருகிறது. அரசு ரசவாதிகளுக்கு ஆண்டுதோறும் மதிப்பீடு உண்டு. சரக்கைக் காட்டாவிட்டால் பதவி போய்விடும், பணமும் போய்விடும். போன வருடம் டக்கர் காட்டியது எடுபடவில்லை. இந்த வருடமும் கையில் ஒன்றும் இல்லை. தேதி நெருங்குகிறது.

ஒரு நாள் சகோதரர்கள் வந்தால் வீடு இருட்டாக இருக்கிறது. டக்கர் பெருமையாக ஒரு கைமேராவைக் காட்டுகிறான். பேசுகிறதாம். அது எட்வர்டின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது. அப்புறம் 'அண்ணா' என்று ஒரு சொல். எட்வர்ட் முகத்தில் ரத்தம் வற்றிவிடும். இரண்டு கேள்வி கேட்பான். நீங்கள் ரசவாதி ஆனது எப்போது? இரண்டு வருடத்துக்கு முன்பு. உங்கள் மனைவி போனது எப்போது? அதுவும் இரண்டு வருடத்துக்கு முன்பு. நீனாவும் அலெக்ஸாண்டரும் எங்கே?

அதற்கு டக்கர் சொல்கிற பதில் ஜப்பானில் கிண்டலுக்குக்கூடச் சொல்லும் வாசகம் ஆகிவிட்டது. உன்னை மாதிரி சட்டென்று பிடித்துக்கொள்கிற பொடியன்களை எனக்குப் பிடிக்காது, என்பான். குரலில் கோபமே இல்லை. வேலையில் குறுக்கே வந்துவிட்டானே என்ற சலிப்புதான். எனக்கு அந்தச் சலிப்புதான் தாங்கவில்லை.

ஒரு நிமிடம். மனைவி போய்விட்டாள் என்றேனே, அந்த முதல் கைமேரா அவள்தான். இதை அந்த இடத்திலேயே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆக, முதல் வருடம் மனைவியைக் காட்டி வேலை வாங்கினான், இப்போது மகளைக் காட்டி அதைத் தக்கவைக்கப் பார்க்கிறான். எனக்கும் மார்ச் மாதம் வந்தால் அலுவலகத்தில் மதிப்பீடு உண்டு. வயிற்றைக் கலக்கும், தெரியும். அந்தக் கலக்கம் தெரிந்ததால்தான் டக்கரை 'எங்கேயோ இருக்கிற ராட்சசன்' என்று என்னால் தள்ளி வைக்க முடியவில்லை. கொம்பு இல்லை, சாபம் இல்லை. கண்ணாடி போட்ட, சவரம் செய்யாத ஒரு அப்பா.

எட்வர்ட் அவனை அடித்துத் துவைக்கிற நேரத்தில் பக்கத்தில் நிற்கும் கைமேரா கேட்பது என்ன தெரியுமா? விளையாடலாமா என்று. கோழி கத்துகிறது பாருங்கள், நேரம் பார்த்துக் கத்துகிறது.

இதில் இரண்டு அனிமே இருக்கிறது. 2009இல் வந்த பிரதர்ஹூட் எல்லாவற்றையும் நான்காம் எபிசோடிலேயே முடித்துவிடும். 2003இல் வந்த பழைய தொடர் உங்களை நீனாவோடு நன்றாகப் பழகவிட்டு, ஏழாம் எபிசோடில் கழுத்தை அறுக்கும். எனக்குப் பழையதுதான் வலிக்கிறது. இரண்டையும் போன்ஸ் ஸ்டுடியோதான் எடுத்தது, இரண்டிலும் அவளுக்கு விடுதலை தருவது அரசு ரசவாதிகளைக் கொன்று திரியும் ஸ்கார்தான். கொலைகாரன் வந்து கொன்றதும் 'அப்பாடா' என்று நினைக்க வைத்துவிட்டார்கள். மூலக்கதை வரைந்த அரகாவா ஹிரோமு ஹொக்கைடோவில் பால் பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவர். மாடு கன்றோடு வளர்ந்தவருக்குத்தான் ஒரு குழந்தையும் நாயும் ஒரே உடம்பில் மாட்டிக்கொள்வதன் பயங்கரம் இப்படித் தெரியும் என்று தோன்றுகிறது. இது என் ஊகம், அடிக்க வராதீர்கள்.

'அப்போ க்ரிஃபித்?' என்று கேட்பீர்கள். கேட்காவிட்டால் நீங்கள் என் ஆட்களே இல்லை. பெர்செர்க்கில் க்ரிஃபித் தன்னை நம்பி வந்த படையையே பலி கொடுத்தான், அந்தப் படையின் வீராங்கனை காஸ்காவுக்கு அவன் செய்ததை நான் வாயால் சொல்லப்போவதில்லை. அதைத் தடுக்க முடியாமல் அவன் தோழன் கட்ஸ் தன் கையையே அறுத்துக்கொண்டு ஓடி வந்தான். 1997 தொடர் கிட்டத்தட்ட அங்கேயே முடிந்து நம்மை நடுத்தெருவில் விட்டுவிடும். கொடூரம்தான், மறுக்கவில்லை. ஆனால் க்ரிஃபித் ஒரு வருடம் சித்திரவதைப்பட்டு, கை கால் நரம்பு அறுபட்டு, நாக்கு போய்க் கிடந்தவன். டக்கருக்கு என்ன கேடு? மூன்று வேளைச் சாப்பாடு கிடைத்துக்கொண்டுதான் இருந்தது.

டக்கருக்குச் சரியான போட்டி என்றால் மேட் இன் அபிஸ் போண்ட்ரூட்தான். 2020 படத்தில் வருவான். அபிஸ் பள்ளத்தில் இறங்கினால் ஒன்றும் ஆகாது, ஏறினால் சாபம் பிடிக்கும். அந்தச் சாபத்தைத் தன் மேல் விழாமல் வேறு உயிர் மேல் தள்ள அவன் கண்டுபிடித்த வழி, குழந்தைகள். பேசவும் நடக்கவும் முடியாதபடி வெட்டிச் சுருக்கி, உயிர் மட்டும் மிச்சம் வைத்துப் பெட்டிக்குள் அடைத்து முதுகில் மாட்டிக்கொள்வான். தீர்ந்துபோன பெட்டி ஒவ்வொன்றும் கீழே விழும்போது அந்தக் குழந்தையின் பெயரைப் பாசமாகச் சொல்வான். அத்தனை பெயரும் நினைவிருக்கும் அவனுக்கு. அவனை அப்பா என்று கூப்பிட்டு வளர்ந்த ப்ரூஷ்காவும் ஒரு பெட்டி. பாசம் நடிப்பு இல்லை, நிஜம். அதனால்தான் குடலைப் புரட்டுகிறது. மோரிகாவா தோஷியுகியின் அந்த மென்மையான குரலை அன்றிலிருந்து வேறு எதிலும் என்னால் நிம்மதியாகக் கேட்க முடியவில்லை.

டெத் நோட் லைட் யாகாமியையும் இரண்டு வார்த்தை திட்டிவிட்டுப் போகிறேன், ஏனென்றால் அங்கேயும் ஒரு கடிகாரம். பெயரை எழுதினால் ஆள் செத்துப்போகிற நோட்டு அவனிடம், கிரா என்பது ஊர் அந்தக் கொலைகாரனுக்கு வைத்த பெயர். கிராவைத் தேடி வந்த நவோமி மிசோராவிடம் நயமாகப் பேசி நிஜப் பெயரை வாங்கி நோட்டில் எழுதிவிட்டான், அதோடு விட்டிருக்கலாம். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்று, நேரம் வந்ததும் 'நான்தான் கிரா' என்று சொல்கிறான். அவளுடைய வருங்காலக் கணவனைக் கொன்றவனும் அவன்தான். அவளால் இனி யாரிடமும் சொல்ல முடியாது என்று தெரிந்த பிறகு சொல்கிறான். அந்தச் சொல்லுக்கு எந்தத் தேவையும் இல்லை, ருசிக்காகச் சொன்னது. அற்பன்.

எரனிடம் எனக்கு எரிச்சல் வருவது அந்த எண்பது சதவீதத்துக்காக இல்லை. ராம்ஸி என்ற அகதிச் சிறுவன் முன்னால் அழுது மன்னிப்புக் கேட்பான், உன்னைக் கொல்லப்போகிறேன் என்று. பையனுக்கு அவன் பேசுகிற மொழியே புரியாது. அழுதுவிட்டுப் போய் மிதிக்கத்தான் செய்தான். அந்த அழுகை யாருக்கு?

அப்புறம் டீமன் ஸ்லேயர். செப்டம்பர் 2025 வீடியோவில் இன்ஃபினிட்டி காசில் படத்தின் தமிழ் டப்பிங்கைப் பற்றி மட்டும் இருபது நிமிடம் பேசி, கதையைச் சொல்லாமலே விட்டுவிட்டேன். 155 நிமிடப் படம், திரை நிறைய அரக்கர்கள். அதில் என்னை உலுக்கிய கொலையைச் செய்தது அரக்கன் இல்லை. அகாஸா என்ற அரக்கன் மனிதனாக, ஹகுஜியாக இருந்த காலம். கல்யாணம் பேசி முடித்த செய்தியைச் சொல்ல அப்பாவின் சமாதிக்குப் போய்விட்டுத் திரும்பினால், குருவும், அவன் கட்டிக்கொள்ளவிருந்த குருவின் மகள் கொயுகியும் இறந்து கிடக்கிறார்கள். நேருக்கு நேர் அடித்து ஜெயிக்க முடியாத பக்கத்துப் பயிற்சிக்கூடத்துக்காரர்கள் கிணற்றில் விஷம் போட்டுவிட்டார்கள். கிணற்றில்! அவன் போய் 67 பேரைக் கையாலேயே அடித்துக் கொன்றான். சண்டைக்கு விசில் பறந்த தியேட்டரில் அந்தக் கிணறு வந்தபோது ஒரு சத்தம் இல்லை. பாப்கார்ன் கொட்டியதும் அப்போதுதான். அந்த அமைதியில் கொட்டினான் பாவி.

அந்த அமைதியைப் பார்த்தவன்தான் எனக்கு நோட்டில் கணக்குப் போட்டுக் காட்டுகிறான். 67 பேரைக் கொன்ற ஹகுஜி அவன் கணக்கில் மேலே, விஷம் போட்டவன் பட்டியலிலேயே இல்லை.

அதனால் பிரதர்ஹூடை முதலிலிருந்து துண்டு துண்டாக இல்லாமல் பார் என்று சொல்லியிருக்கிறேன். பழையதைக் கொடுத்திருப்பேன், ஆனால் அவனுக்கு ஏழு எபிசோட் வரை பொறுமை கிடையாது. நேற்று மூன்று முடித்துவிட்டானாம், "செம ஜாலியா போகுது மாமா" என்று செய்தி அனுப்பினான். இன்றைக்கு ராத்திரி நான்கு. கடிகாரத்தில் இப்போது ஏழரை, ஆமாம் ஓடுகிறது, பாருங்கள், ஓடுகிறது! இன்னும் ஒரு மணி நேரத்தில் உட்காருவான்.

அக்கா, இந்த வீடியோவை நீ பார்ப்பாய் என்று தெரியும். அவனைச் சாப்பிட வைத்துவிட்டுப் பார்க்க விடு.