தொண்டை சொன்னதும் தாள் சொன்னதும்

நேயர்களுக்கு வணக்கம்.

போன மாதம் எங்கள் தெருவில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவர் என்னை நிறுத்தினார். "டீச்சர், பாப்பா பிளஸ் டூ முடிச்சிருச்சு. பி.ஏ. மியூசிக்தான் படிப்பேன்னு ஒத்தக் கால்ல நிக்குது. சேத்து விடலாமா?" நான் வாய் திறப்பதற்குள் அவரே அடுத்ததையும் கேட்டுவிட்டார்: "பாட்டுதானே, அதை ஒரு பாட்டு வாத்தியார்கிட்ட கத்துக்கிட்டா போதாதா? காலேஜ்ல போயி அப்படி என்ன சொல்லிக் குடுப்பாங்க?"

வேலை கிடைக்குமா என்று கேட்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். என்ன சொல்லிக்கொடுப்பார்கள் என்று கேட்டவர் இவர் ஒருவர்தான். அப்போதைக்கு ஏதோ சொல்லிச் சமாளித்தேன். சரியான பதில் என் கல்லூரி நாளில் நடந்த ஒரு சம்பவத்தில் இருக்கிறது. அதை இங்கே சொல்கிறேன்.

கல்லூரியில் சேரும்போது எனக்கு எட்டு வருடப் பயிற்சி இருந்தது. நாற்பது கீர்த்தனை பாடம். கொலுவுக்குப் போன வீட்டிலெல்லாம் சுண்டலோடு பாராட்டும் கிடைக்கும். முதலாம் ஆண்டு, முதல் எழுத்துத் தேர்வு. கடபயாதி முறைப்படி கரகரப்பிரியாவின் மேள எண்ணைக் கண்டுபிடித்து, அதன் சுரங்களை எழுதுக என்று ஒரு கேள்வி.

கடபயாதி தெரியாத நேயர்களுக்கு ஒரு வார்த்தை. கர்நாடக இசையில் மேளம் என்கிற தாய் ராகங்கள் 72. அவற்றின் பெயர்களில் முதல் இரண்டு எழுத்துக்கு எண் உண்டு. எண்ணைப் போட்டுத் திருப்பிப் படித்தால் அந்த ராகம் 72-ல் எத்தனையாவது என்று தெரிந்துவிடும். மாயாமாளவகௌளையில் 'மா' 5, 'யா' 1. திருப்பினால் 15. சங்கராபரணத்துக்கு முன்னால் 'தீர' என்று ஒட்டியதுகூட எண் 29 வரவேண்டும் என்பதற்காகத்தான். வீரதீரம் ஒன்றும் இல்லை.

நானும் கணக்குப் போட்டேன். 'க' ஒன்று, 'ர' இரண்டு. பன்னிரண்டு, திருப்பினால் 21. இருபத்தொன்றாம் மேளத்தின் சுரங்களை மளமளவென்று எழுதி, முதல் ஆளாகத் தாளைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் எங்கள் பேராசிரியர் அம்மா தம்பூராவை மடியில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். "கரகரப்பிரியா பாடு." பாடினேன். "தைவதத்துல நில்லு." நின்றேன். 'ச ரி க ம ப த நி'யில் 'த'தான் தைவதம். தந்தியை மீட்டியபடி கொஞ்ச நேரம் என்னை அந்தச் சுரத்திலேயே விட்டுவைத்தார். "இது எந்தத் தைவதம்?"

"சதுசுருதி தைவதம், மேடம்."

"தாள்ல என்ன எழுதியிருக்கே?"

அதைவிடத் தாழ்ந்த சுத்த தைவதம் என்று எழுதியிருந்தேன். 'நி' ஆகிய நிஷாதமும் அப்படித்தான், பாடுவது தாழ்ந்த கைசிகி, எழுதியது உயர்ந்த காகலி. "நீ எழுதியிருக்கறது கீரவாணி" என்றார்.

தமிழில் ஒரே 'க'தான். வடமொழியில் அந்த இடத்தில் நான்கு. கீரவாணியின் 'கீ' முதல் க. அதற்கு எண் 1. கரகரப்பிரியாவின் 'க', மூச்சை அழுத்திச் சொல்கிற இரண்டாம் க. அதற்கு எண் 2. ஆகவே கீரவாணி 21, கரகரப்பிரியா 22. கீழ்ப்பாதிச் சுரங்கள் இரண்டுக்கும் ஒன்று. 'ப' ஆகிய பஞ்சமத்தைத் தாண்டினால்தான் வழி பிரியும். எட்டு வருடமாகப் பாடும் ராகத்தில் என் தொண்டைக்குத் தெரிந்தது என் பேனாவுக்குத் தெரியவில்லை. அந்தக் கேள்விக்குப் பூஜ்யம் வாங்கினேன்.

கல்லூரியில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். பாட்டு வாத்தியார் பாட வைப்பார். பாடியது என்ன, ஏன் அப்படி என்று கேட்டு உட்கார வைப்பது கல்லூரி. நன்றாகப் பாடத் தெரிந்தவர்களுக்குத்தான் அங்கே அதிக அவமானம். முதல் வருடம் எனக்கு அப்படித்தான் போனது.

அப்புறம் மெல்ல ருசி பிடித்தது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் பள்ளியில் தமிழ்ப் பாடமாகப் படித்திருக்கிறோம். இங்கே அதையே அடியார்க்குநல்லார் உரையோடு இசைப் பாடமாகப் படித்தோம். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு சுரத்துக்கும் தமிழ்ப்பெயர் இருப்பது பலருக்குத் தெரியும். இளி என்பது பஞ்சமம் என்று தெரிந்துகொண்டு அதைத் தம்பூராவின் முதல் தந்தியில் கேட்டபோதுதான் எனக்கு அது வெறும் பெயராக இல்லாமல் போனது. தேவாரத்தில் பண், அதாவது பழந்தமிழ் ராகம், பழம்பஞ்சுரம் என்று போட்டிருப்பதை ஓதுவார்கள் சங்கராபரணத்தில் பாடுகிறார்கள், தக்கேசியைக் காம்போதியில் பாடுகிறார்கள். ஊர்க் கோயிலில் சின்ன வயதிலிருந்து கேட்ட பதிகம்தான். பண்ணின் பெயரைக் கவனித்ததே இல்லை.

தம்பூராவைப் பற்றியும் சொல்லவேண்டும். எங்கள் வகுப்பில் இருந்தவை நான்கு, ஒழுங்காக நின்றவை இரண்டு. தந்திக்கு அடியில் வைக்கும் ஜீவாளி நூலை ஒரு மயிரிழை நகர்த்தினால் நாதம் வரும், இன்னும் ஒரு மயிரிழை போனால் செத்துவிடும். சுருதி சேர்க்கவே பாதி வகுப்பு போகிறதே என்று அப்போது எரிச்சலாக இருந்தது. இன்று செல்போனில் தம்பூரா வந்துவிட்டது. வசதிதான், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் சுருதி விலகியதைக் காதால் பிடிக்கும் பழக்கம் எனக்கு அந்த நூலால்தான் வந்தது.

எங்கே படிக்கலாம்? சிதம்பரத்தில் ராஜா அண்ணாமலைச் செட்டியார் 1929-ல் தொடங்கிய இசைக் கல்லூரி இன்று அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. சென்னையில் 1949-ல் முசிறி சுப்பிரமணிய ஐயரை முதல்வராகக் கொண்டு தொடங்கியது இப்போதைய அரசு இசைக்கல்லூரி. அடையாற்றங்கரையில் பழைய கிழக்கிந்தியக் கும்பினிக் காலத்து மாளிகையில் நடக்கிறது. மதுரை, கோவை, திருவையாறு ஆகிய ஊர்களிலும் அரசு இசைக்கல்லூரிகள் உண்டு. 2013-ல் இசைக்கென்று ஒரு பல்கலைக்கழகமும் வந்துவிட்டது. நாகசுரம், தவிலும் படிக்கலாம்; பெண்பிள்ளைகளும் படிக்கிறார்கள்.

வேலை? ஒளிக்காமல் சொல்கிறேன். பள்ளிகளில் இசை ஆசிரியர் இடங்கள் குறைவு. வீட்டில் வகுப்பு எடுத்துப் பிழைப்பவர்கள்தான் அதிகம். நானும் பல வருடம் அப்படித்தான். இந்த வானொலியில் பாடவேண்டுமானால் பட்டத்தைக் காட்டி நுழைய முடியாது. குரல் தேர்வில் தேறித்தான் பி, பி-ஹை, ஏ என்று தரம் வாங்க வேண்டும். கச்சேரி மேடை கதையும் அதுதான். மூன்று வருடத்தில் யாரும் வித்வான் ஆகிவிடுவதில்லை. சாதகம் என்கிற பயிற்சி விடிகாலையில் வீட்டில்தான் நடக்கவேண்டும்.

சரி, இஸ்திரிக்காரருக்கு என்ன சொன்னேன்? பாப்பாவை ஞாயிற்றுக்கிழமை கூட்டி வரச் சொன்னேன். வந்தாள். சுருதி என்ன என்றேன். "அஞ்சரைக் கட்டை" என்றாள், தயங்காமல். ஒரு வர்ணம் பாடச் சொன்னேன். முதல் காலம் ஒழுங்காகப் போனது. இரட்டை வேகமான இரண்டாம் காலத்தில், முதல் பாதியின் முடிவில் வரும் முக்தாயி சுரத்தில் தாளம் தவறிவிட்டது. நான் ஒன்றும் சொல்லவில்லை, பார்க்கக்கூட இல்லை. அவளே நிறுத்தி, "தப்பு டீச்சர்" என்று சொல்லிவிட்டு, பல்லவியிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள்.

விண்ணப்பம் எங்கே வாங்குவது, எந்தச் சான்றிதழ்களுக்கு நகல் எடுப்பது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "காலேஜ் சாயங்காலம் எத்தனை மணிக்கு விடும் டீச்சர்? துணி கொண்டுபோய்க் குடுக்க ஆள் வேணும்ல?"