மாடியில் உட்கார்ந்தவர்களின் பாட்டு | மட்டாஞ்சேரி வ்லாக்

வணக்கம் மக்களே. எனக்குப் பின்னால் மணிக்கூண்டு தெரிகிறதா, இது கொச்சி மட்டாஞ்சேரி, யூதர்கள் வாழ்ந்த தெருவான ஜூ டவுன். நேற்றே எடுத்திருக்க வேண்டிய வீடியோ இது. சனிக்கிழமை யூதர்களின் ஓய்வு நாள், அவர்கள் வழிபடும் இடமான சினகாக்கைத் திறக்க மாட்டார்கள் என்று நன்றாகத் தெரிந்தும் கிளம்பி வந்து, பூட்டின கதவைப் பார்த்துவிட்டு, ஒரு சோடா குடித்துவிட்டுத் திரும்பிப் போனேன். சரி, விடுங்கள்.

இன்றைக்கு உள்ளே போய்ப் பார்த்துவிட்டேன். வீடியோ எடுக்கவில்லை, அதனால் வாயால்தான் சொல்ல வேண்டும். பரதேசி சினகாக், 1568இல் கட்டியது. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் போக வேண்டும், நம் கோயில் மாதிரியே. உள்ளே வந்த எல்லோரும் தரையைத்தான் பார்க்கிறார்கள், சீனாவிலிருந்து வந்த நீலமும் வெள்ளையுமான ஓடுகள், அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் போனால் கொஞ்சம் தலையைத் தூக்கிப் பாருங்கள். மேலே ஒரு மாடம். அதற்குப் பின்னால் மரத் தடுப்பு. பெண்கள் உட்கார்ந்த இடம் அது.

எனக்குச் சட்டென்று கோபம் வந்தது. யூத மதச் சட்டம் கொஞ்சம் படித்துவிட்டு வந்ததால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே வந்தது. கூட்டு வழிபாடு தொடங்கப் பத்து ஆண்கள் வேண்டும், மரபுவழி யூதர்களிடம் பெண்கள் அந்தக் கணக்கில் வர மாட்டார்கள். குறிப்பிட்ட நேரத்தில் செய்ய வேண்டிய மதக் கடமைகள் பலவற்றிலிருந்து பெண்களுக்கு விலக்கு. விலக்கு என்றால் சலுகையா, ஒதுக்கலா என்று இன்றுவரை அவர்களுக்குள்ளேயே சண்டை ஓடுகிறது. விவாகரத்துச் சீட்டைக் கணவன்தான் மனைவி கையில் கொடுக்க வேண்டும், அவன் கொடுக்காமல் இழுத்தடித்தால் அவள் மறுமணம் செய்ய முடியாது. அதே நேரத்தில் பிறக்கிற குழந்தை யூதரா இல்லையா என்று முடிவாவது அம்மாவை வைத்துத்தான், அப்பாவை வைத்து இல்லை. இதையெல்லாம் ஒரே தராசில் எப்படி நிறுப்பது, எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அந்த மாடத்தில் இன்னொன்றும் இருக்கிறது. யூதர்களின் வேதமான தோராவை வாசிக்கிற மேடை கீழே நடுவில் ஒன்று இருப்பது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம். இங்கே மாடியிலும் ஒன்று, பெண்கள் பகுதிக்கு நேர் முன்னால். இது கேரளத்து சினகாக்குகளுக்கே உரிய அமைப்பு. வாசித்தது ஆண்தான், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனாலும் வாசிப்பு பெண்களின் காதுக்குப் பக்கத்திலேயே நடந்திருக்கிறது.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். யூத மதச் சட்ட விவாதங்களின் பழைய தொகுப்பான தால்மூதில் பெண்ணின் குரலையே மறைக்க வேண்டிய ஒன்றாகச் சொல்லும் ஒரு வரி வருகிறது. அதை வைத்து, ஆண்கள் கேட்கும்படி பெண்கள் பாடக்கூடாது என்று பல இடங்களில் கறாராக வைத்திருக்கிறார்கள். கொச்சியில் அது எடுபடவில்லை! இங்கே கல்யாண வீட்டில் பெண்கள் மலையாளத்தில் பாட்டுக் கட்டிப் பாடினார்கள், வட்டமாக நின்று கைதட்டி, நம் கும்மியேதான், ஆண்கள் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். பைபிள் கதை, ஊர்க் கதை, மணமக்களை வாழ்த்துவது, கேலி, எல்லாம் அதில் உண்டு. பாட்டை எழுதிவைத்ததும் பெண்கள்தான், நோட்டுப் புத்தகத்தில், கையெழுத்தில், அம்மாவிடமிருந்து மகள் பார்த்து எழுதி. அந்த நோட்டுகள் இல்லையென்றால் இன்றைக்கு நமக்கு ஒன்றும் கிடைத்திருக்காது.

ரூபி டேனியல் என்று ஒருவர், இந்தத் தெருவில் வளர்ந்தவர், 1912இல் பிறந்தவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கடற்படையின் பெண்கள் பிரிவில் வேலை பார்த்திருக்கிறார். 1951இல் இஸ்ரேல் போய்விட்டார். அங்கே கிப்புட்ஸ் என்கிற கூட்டுப் பண்ணைக் குடியிருப்பில் இருந்துகொண்டு இந்தப் பாட்டுகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார், பார்பரா ஜான்சன் என்ற மானுடவியலாளரோடு சேர்ந்து தன் நினைவுகளை 1995இல் புத்தகமாக்கினார். இவர் குடும்பம் விடுதலையான அடிமைகளின் வழி வந்தவர்கள் என்று ஒதுக்கப்பட்ட குடும்பம். அந்த வகையினரை இதே சினகாக்கில் மற்றவர்களோடு சமமாக உட்கார விடவில்லை, ஆண்களையும்தான். ஏ.பி. சேலம் என்ற வக்கீல் சத்தியாகிரகம் இருந்து அதை எதிர்த்தார். அதைப் படித்த பிறகு, மாடியைப் பார்த்து எனக்கு வந்த கோபம் கொஞ்சம் குழம்பிவிட்டது. யார் மேலே, யார் கீழே, யார் வெளியே, எதுவுமே ஒரு கோட்டில் நிற்கவில்லை.

இந்தத் தெருவில் சாரா கோஹன் எம்பிராய்டரிக் கடை வைத்திருந்தார், ஆண்கள் தலையில் வைக்கும் கிப்பா எல்லாம் தைத்துக் கொடுத்தவர். 2019இல் 96 வயதில் இறந்துவிட்டார். 1950களிலேயே பெரும்பாலான குடும்பங்கள் இஸ்ரேலுக்குப் போய்விட்டன, இப்போது சுற்றிலும் மசாலாக் கடைகளும் பழைய சாமான் கடைகளும்தான்.

பாட்டுகள் ஜெருசலேமில் 2004இல் சிடியாக வந்தன, பாடியவர்கள் இங்கிருந்து போன வயதான பெண்கள். சோடாக் கடை பெஞ்சில் உட்கார்ந்து இயர்போனில் கேட்டேன். பாதி புரியவில்லை. ஆனால் ஒரு பாட்டில் கிளி, கிளி என்று வந்துகொண்டே இருந்தது, அது மட்டும் நன்றாகப் புரிந்தது. இருங்கள், பஸ் வருகிறது.